எந்தக் கறுவா?

நீரிழிவு நோய்க்குக் கறுவா நல்லதென்று அறிவுரை கூறுவோர் பெருகிவிட்டனர். காலையில் வெந்நீரில் ஒரு தேக்கரண்டி கறுவாத்தூளைக் கலந்து பருகினால் போதும் என்று என்னிடமும் பலர் கூறியதுண்டு. அவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒரே கேள்விதான்: "எந்தக் கறுவா?" இதற்கு விடை காண, நமது நாட்டின் வரலாற்றைச் சற்றுப் புரட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

1505இல் இலங்கைக்கு வந்த போர்த்துக்கேயர், கோட்டே மன்னரிடம் திறையாகப் பெற்ற பொருட்களுள் முதன்மையானது கறுவாவே. 1658இல் அவர்களை முற்றாக வெளியேற்றிய ஒல்லாந்தர் கறுவா வணிகத்தைத் தமது தனியுரிமை ஆக்கிக்கொண்டனர். கறுவாச் செடிக்குச் சேதம் விளைவிப்பதும், பட்டையைக் களவாக விற்பதும் மரண தண்டனைக்குரிய குற்றங்களாயின. காடுகளிற் சென்று பட்டை உரிக்கும் வேலை, சிங்களவரிடையே சாலாகம சமூகத்தவர் மீது கட்டாய ஊழியமாகச் சுமத்தப்பட்டது. ஐரோப்பியச் செல்வந்தரின் சமையலறையில் கமழ்ந்த மணத்துக்கு விலை கொடுத்தவர்கள் இம்மக்களே.

1760களின் இறுதியில், ஆளுநர் ஃபால்க்கின் காலத்தில், கொழும்பு மருதானையில் கறுவா தோட்டப் பயிராக நடப்பட்டது. கொழும்பு 7 இன்றும் கறுவாத்தோட்டம் என்றே அழைக்கப்படுவது அக்காலத்தின் எச்சமாகும். 1796இல் கரையோரத்தைக் கைப்பற்றிய பிரித்தானியர் 1833இல் தனியுரிமையைக் கைவிட்டனர். ஆயினும் ஏற்றுமதித் தீர்வை கடுமையாகவே இருந்தது. இந்நிலையில், விலை குறைந்த சீனத்துக் கசியாப் பட்டை உலகச் சந்தைக்குள் நுழைந்து இலங்கைக் கறுவாவைப் பின்தள்ளியது. இரண்டும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை, ஆனால் ஒன்றல்ல.

வணிகத்தில் நிகழ்ந்த இந்த இடமாற்றம் இன்று உடல்நலத்தைத் தொடும் விடயமாகிவிட்டது. கசியாவில் கூமரின் என்ற இயற்கைப் பொருள் மிகுதியாக உண்டு. அளவு மீறினால் அது சிலருடைய ஈரலைப் பாதிக்கக்கூடியது. உடல் நிறையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 0.1 மில்லிகிராம் என்பதே ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகார சபை 2004இல் வகுத்த எல்லை. 60 கிலோ நிறையுள்ள ஒருவருக்கு அது 6 மில்லிகிராம். ஒரு தேக்கரண்டி கசியாத் தூளே இந்த எல்லையை எட்டிவிடக்கூடும். இலங்கைக் கறுவாவிலோ கூமரின் மிகச் சொற்பமே. 2006இல் ஜேர்மனிய அதிகாரிகள் கறுவா சேர்த்த பிஸ்கட்டுகள் குறித்து எச்சரிக்கை விடுத்ததும் கசியாவின் காரணமாகவே.

நீரிழிவுக்கான கறுவாவின் புகழை உலகெங்கும் பரப்பியது, 2003இல் பாகிஸ்தானில் 60 நோயாளரிடம் நடத்தப்பட்ட ஆய்வாகும். அதிற் பயன்படுத்தப்பட்டதும் கசியாவே என்பது குறிப்பிடத்தக்கது. பின்னர் வந்த ஆய்வுகளின் முடிவுகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. ஆகவே, வைத்தியர் தந்த மாத்திரையை நிறுத்திவிட்டுக் கறுவா நீரை நம்புவது எந்தக் கறுவாவாயினும் ஆபத்தானதே.

2022 பெப்ரவரியில் 'சிலோன் சினமன்' என்ற பெயருக்கு ஐரோப்பிய ஒன்றியம் புவியியற் குறியீட்டுப் பாதுகாப்பை வழங்கியது. இலங்கைப் பொருளொன்றுக்கு இத்தகைய பாதுகாப்பு கிடைத்தது அதுவே முதற்றடவை. கசியா மலிந்த நாடுகளிலே புலம்பெயர்ந்து வாழும் எம்மவர், கடையில் இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறிவது கடினமன்று. மெல்லிய பட்டைகள் பல அடுக்குகளாகச் சுருண்டு, சுருட்டைப் போல் நிறைந்து, கையால் எளிதில் நொறுங்குவது நம்முடையது. தடித்த ஒற்றைப் பட்டை சுருண்டு, நடுவே வெறுமையாக இருப்பது கசியா. தூளாக்கிய பின்னர் கண்ணால் அறிவது இயலாது. எனவே முழுப் பட்டையாகவே வாங்குதல் நன்று.

நம் பாட்டிமார் கறியில் இட்டது ஒரு சிறு துண்டுதான். உணவுக்கு அந்த அளவு போதும். நோய்க்கு வைத்தியர் இருக்கிறார்.