டோபி காட்டில் ஆறு எங்கே?

சென்ற மாதம் மாணவர்களை அழைத்துக்கொண்டு தேசிய அரும்பொருளகத்திற்குச் சென்றிருந்தேன். டோபி காட் நிலையத்தில் இறங்கி ஸ்டாம்ஃபோர்ட் சாலை நோக்கி நடக்கையில், "சார், காட் என்றால் படித்துறை என்றீர்களே, ஆறு எங்கே?" என்று ஒரு மாணவி கேட்டாள். "நம் காலுக்குக் கீழேதான் ஓடுகிறது" என்றேன். அவள் நம்பவில்லை. அவளுக்கு அங்கே சொல்ல நேரமில்லாததை இங்கே எழுதுகிறேன்.

டோபி என்பது இந்திச் சொல். நாம் வண்ணார் என்போம். இந்தியாவிலிருந்து வந்த சலவைத் தொழிலாளர்கள் 19ஆம் நூற்றாண்டில் இங்கு ஓடிய பிராஸ் பாசா ஓடையில் துணி துவைத்து, அருகிலிருந்த திடலில் உலர்த்தினர். அந்த ஓடையே பின்னர் ஸ்டாம்ஃபோர்ட் கால்வாயாகி, இன்று பெரும்பகுதி மூடப்பட்டுச் சாலைக்கடியில் ஓடுகிறது. நம் தமிழகத்து வண்ணார் உவர்மண்ணில் துணியை ஊறவைத்து வெள்ளாவியில் அவித்து வெளுப்பார்கள். உவர்மண் காரத்தன்மையுடையது, அழுக்கை அகற்றுவது அந்தக் காரமே. பத்துப் பேர் துவைத்தால் ஓடை தாங்கும். நகரம் முழுவதற்கும் துவைத்தால் தாங்குமா?

சிராங்கூன் சாலைக்கும் இதுபோன்ற கதை உண்டு. வீரமாகாளியம்மன் கோவிலுக்குச் சுண்ணாம்புக் கம்பக் கோவில் என்ற பழைய பெயர் இருந்ததைப் பெற்றோர் பலர் அறிந்திருக்கக்கூடும். அவ்வட்டாரத்தில் சுண்ணாம்புக் காளவாய்கள் இருந்தன, செங்கற்சூளைகள் இருந்தன, மாட்டுத் தொழுவங்களும் இருந்தன. எருமைச் சாலையும் கண்டாங் கெர்பாவ் என்ற மருத்துவமனைப் பெயரும் அதன் எச்சங்களே. தொழுவக் கழிவு ரோச்சோர் ஆற்றுப் பக்கம் இறங்கியது. 1860இல் சூளைகள் நிறுத்தப்பட்டன. 1936இல் நகராட்சி அங்கே மாடு வளர்ப்பதற்குத் தடை விதித்தது. தூய்மைக்கேடு என்றால் தொழிலை அவ்விடத்திலிருந்து விலக்கு. ஆங்கிலேயர் ஆட்சி அறிந்த மருந்து பெரும்பாலும் அதுவே.

சுதந்திரத்திற்குப் பின் சிக்கல் வேறு வடிவம் பெற்றது. இப்போது ஆற்றில் விழுந்தது சாணமும் சவர்க்காரமும் மட்டுமல்ல. பட்டறை எண்ணெய், உலோகப் பூச்சுக் கடைகளின் அமிலம், பன்றிப் பண்ணைக் கழிவு, தெருக்கடை எச்சில், மலம் அனைத்தும் சிங்கப்பூர் ஆற்றிலும் காலாங் வடிநிலத்திலும் சேர்ந்தன. ரோச்சோர் நீரும் காலாங் வடிநிலத்தில்தான் கலக்கிறது.

1972இல் சுற்றுப்புற அமைச்சு அமைந்தது. 1975இல் நீர்த் தூய்மைக்கேட்டுக் கட்டுப்பாடு, வடிகால் சட்டமும், 1976இல் தொழிற்கழிவு விதிமுறைகளும் வந்தன. இந்த விதிமுறைகளைச் சற்று விளக்க வேண்டும். தொழிற்சாலைக் கழிவு சாக்கடைக் குழாயில் போவதற்கும் அளவு வைத்தார்கள். காரணம் எளிது. சுத்திகரிப்பு நிலையத்தில் வேலை செய்வன நுண்ணுயிர்கள். அவை மலத்தைத் தின்னும். பாதரசத்தையும் குரோமியத்தையும் தின்னா, அவற்றால் மடியும். அமிலமோ குழாயையே அரிக்கும். ஆகவே தொழிற்சாலை தன் கழிவைத் தானே முதலில் சரிசெய்து அனுப்ப வேண்டும் என்றாயிற்று.

1977 பிப்ரவரி 27 அன்று மேல் பியர்ஸ் நீர்த்தேக்கத் திறப்பு விழாவில் பிரதமர் லீ குவான் இயூ, பத்தாண்டுகளில் இவ்வாறுகளில் மீன் பிடிக்கும் நிலை வரவேண்டும் என்று அறைகூவினார். நிரந்தரச் செயலாளர் லீ எக் தியெங் தலைமையில் பணி நடந்தது. ஏறத்தாழ 26,000 குடும்பங்கள் அடுக்குமாடி வீடுகளுக்கு மாறின. சுமார் 5,000 தெருக்கடைக்காரர்கள் உணவங்காடி நிலையங்களுக்குச் சென்றனர். 610 பன்றிப் பண்ணைகளும் 500 வாத்துப் பண்ணைகளும் அகற்றப்பட்டன. சரக்குப் படகுகள் 1983இல் பாசிர் பாஞ்சாங்கிற்குப் போயின. ஆற்றடிச் சேறு வாரப்பட்டது. மறுகுடியமர்த்தல் இழப்பீடு நீங்கலாகச் செலவு சுமார் 17 கோடி வெள்ளி.

இதில் என் கருத்து ஒன்று உண்டு. நம் பிள்ளைகள் இதனை "அபராதம் போட்டார்கள், ஆறு சுத்தமாயிற்று" என்றே படிக்கிறார்கள். தண்டனை இருந்தது உண்மை. ஆனால் தெருவில் பாத்திரம் கழுவிய கடைக்காரருக்கு, சாக்கடை இணைப்புள்ள கடையும் குழாய்த் தண்ணீரும் தரப்பட்டன. கழிவை எங்கே கொட்டுவது என்பதற்கு விடை தந்துவிட்டே இங்கே கொட்டாதே என்றார்கள். 1936க்கும் 1977க்கும் இடையிலுள்ள வேறுபாடு இதுதான் என்பேன். எல்லோரும் மனமுவந்து போனார்கள் என்று சொல்ல மாட்டேன். பண்ணை வைத்திருந்தவருக்கு அடுக்குமாடி வீடு கிடைத்தது; பண்ணை திரும்பக் கிடைக்கவில்லை. பொங்கோலுக்கு மாறிய பன்றிப் பண்ணைகளையும் படிப்படியாக மூட 1984இல் அரசு முடிவெடுத்தது.

வெளுத்தல், சாயமிடுதல் என்றதும் திருப்பூர் நினைவுக்கு வராமல் இராது. நொய்யல் ஆற்றில் பாசனத்திற்காகக் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவு தேங்கும் குட்டையாயிற்று. உப்பேறிய நீரால் கீழ்ப்பகுதி வயல்களும் கிணறுகளும் கெட்டன. இந்தியாவில் நீர் மாசுச் சட்டம் 1974லேயே வந்துவிட்டது, நம் சட்டத்திற்கு ஓராண்டு முன்பே! ஆயினும் விவசாயிகள் நீதிமன்றம் ஏற வேண்டியிருந்தது. கழிவுநீரை வெளியே விடவே கூடாது என்று 2006இல் சென்னை உயர் நீதிமன்றம் கெடு வைத்தது. அது நிறைவேறாமற் போகவே 2011 ஜனவரி 28 அன்று சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களைச் சீராக்க மாநில அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் அறிவித்தது அதன் பிறகே. இடைப்பட்ட மாதங்களில் பட்டறைத் தொழிலாளர்கள் வேலையின்றி ஊர் திரும்பினர். நிலமிழந்தவரும் வேலையிழந்தவரும் ஏழைகளே.

ஆற்றை வாரலாம், மண்ணைக் கழுவுவது அதனினும் கடினம். அதனால்தான் ஜூரோங் நகராண்மைக் கழகம், தொழில் நிலத்தைத் திருப்பித் தருவோர் மண்ணைச் சோதித்து, கெட்டிருந்தால் சரிசெய்து தரவேண்டும் என்கிறது.

மீண்டும் ஓடைக்கு வருகிறேன். ஆறுகளின் தூய்மைப் பணி நிறைவுபெற்றது 1987இல். டோபி காட் எம்ஆர்டி நிலையம் திறக்கப்பட்டதும் அதே ஆண்டு டிசம்பரில்தான். 2008இல் மரினா அணைக்கட்டு வந்தது. கடல் நீர் தடுக்கப்பட்டு, விரிகுடா நன்னீர்த் தேக்கமாயிற்று. ஸ்டாம்ஃபோர்ட் கால்வாயும் அதில்தான் விழுகிறது. வண்ணார் துவைத்த ஓடையின் நீர் சுத்திகரிக்கப்பட்டு இன்று நம் வீட்டுக் குழாயில் வருகிறது. அடுத்த வகுப்பில் அந்த மாணவியிடம் இதைச் சொன்னபோது தன் தண்ணீர்ப் போத்தலை ஒருமுறை உற்றுப் பார்த்தாள்.

டோபி காட்டிலோ வேறெங்கோ சலவைத் தொழில் செய்த பெரியவர்கள் உங்கள் குடும்பத்தில் இருந்தால், அவர்கள் எங்கே துவைத்தார்கள், எப்போது, ஏன் விட்டார்கள் என்று கேட்டு எனக்கு எழுதுங்கள். வகுப்பில் வாசித்துக் காட்ட விரும்புகிறேன்.