குரல் நம்முடையது, பாட்டு யாருடையது?

கம்போங் மேடானில் கல்யாண விருந்து என்றால் ஒன்பது மணிக்கு மேல் கரவோக்கே இல்லாமல் இருக்காது. முதலில் டி.எம்.எஸ்., அப்புறம் எஸ்.பி.பி. சாப்பாடு முடிந்து பாதிக் கூட்டம் கிளம்பிய பிறகு யாராவது ஒரு மாமா மைக்கை வாங்கி அலிகேட்ஸின் ‘ஹிங்கா அகிர் நந்தி’யை எடுப்பார். அது மலாய்ப் பாட்டு. ஆனாலும் மண்டபத்தில் இருக்கும் தமிழர்கள் எல்லாரும் தங்கள் சொந்தப் பாட்டு மாதிரி கூடவே பாடுவார்கள். அப்படியொரு இரவில், பக்கத்தில் உட்கார்ந்திருந்த பதினைந்து வயதுப் பையன் கேட்டான்: “மாமா, இத அவங்களேதான் எழுதுனாங்களா?” மாமா கொஞ்சமும் யோசிக்கவில்லை. “பின்ன, வேற யாரு எழுதுவா? நம்ம ஆளுங்கடா அவங்க.”

அன்றைக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் பையன் கேட்டது சின்னக் கேள்வி இல்லை. இந்த நாட்டில் தமிழனின் குரல் எங்கெல்லாம் கேட்டது, தமிழனின் சொல் எங்கெல்லாம் கேட்கவில்லை என்ற வரலாறு அதற்குள் இருக்கிறது.

அலிகேட்ஸ் பினாங்கில் தொடங்கிய குழு. லோகநாதன், டேவிட் ஆறுமுகம் என்ற அண்ணன் தம்பிகள் 1960களின் இறுதியில் ஆரம்பித்தார்கள். பிறகு ஹாங்காங் இரவு விடுதிகளில் வாசித்தார்கள். விடுதிக் குழுவின் வேலை எல்லா ஊரிலும் ஒன்றுதான்: ஏற்கெனவே புகழ்பெற்ற பாட்டை, வந்திருப்பவர்கள் ஆடும்படி திரும்பப் பாடுவது. அந்தப் பெரிய ஆஃப்ரோ தலைமுடியும் தொண்டையின் அடியிலிருந்து இழுத்துப் பாடும் பாணியும் அமெரிக்கக் கறுப்பர்களின் சோல் இசையிலிருந்து வந்தவை. 1970களின் இறுதியில் ஊர் திரும்பி மலாய் ஆல்பங்கள் வெளியிட ஆரம்பித்ததும் நாடு முழுக்க அவர்கள் பெயர் பரவியது. லோகாவின் குரலைக் கேட்டு உருகாத மலாய் வீடு இருந்திருக்காது.

அந்தப் பாடல்களில் பலவற்றுக்குப் பின்னால் இருந்தவர் 1957இல் சிங்கப்பூரில் பிறந்த எம். நாசிர். மெட்டு அவருடையது. வரிகள் எஸ். அமின் ஷஹாப் போன்ற மலாய்ப் பாடலாசிரியர்களுடையவை. தமிழர் பாடினார்கள், மலாய்க்காரர்கள் எழுதினார்கள். இதில் அவமானம் எதுவும் இல்லை. மொழி தாண்டிய இந்தக் கூட்டணியை இந்த நாட்டு இசையின் நல்ல பக்கங்களில் ஒன்று என்றே சொல்வேன். ஆனால் இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதே எம். நாசிர் 1981இல் ஏ. அலி, எஸ். சஹ்லான் ஆகியோருடன் ‘கெம்பாரா’ என்ற குழுவைக் கொண்டுவந்தார். அங்கே அவரே எழுதி அவரே பாடினார். ‘எக்ஸ்பிரஸ் ரக்யாட்’ என்று ரயில் பயணத்தைப் பற்றி ஒரு பாட்டு. ‘பெர்ஹெந்தியான் புடுராயா’ என்று கோலாலம்பூரின் பழைய பேருந்து நிலையத்தின் பேரிலேயே ஒரு பாட்டு. பிழைப்புத் தேடிப் பட்டணத்துக்கு வரும் மனிதர்கள் அந்தப் பாடல்களில் நடமாடினார்கள். அலிகேட்ஸ் பாட்டாகப் பெரும்பாலும் நம் காதில் நிற்பதோ காதல், பிரிவு, ரோஜாப்பூ.

புடுராயாவில் மூட்டையோடு வந்து இறங்கியவர்களில் நம் ஆட்களும் இருந்தார்கள். தோட்டத்தை விற்றதும் லயத்தைக் காலி செய்துவிட்டு, கிள்ளான் பள்ளத்தாக்கின் புறம்போக்கு நிலங்களில் பலகை வீடு கட்டிக்கொண்டவர்கள். பழைய கிள்ளான் சாலையை ஒட்டிய கம்போங் மேடானும் அப்படி ஆட்கள் வந்து நிறைந்த இடம்தான். அந்த வாழ்க்கையைப் பாட நாட்டிலேயே பிரபலமான தமிழ்க் குரல்கள் இருந்தன. எழுதிக் கொடுக்கத்தான் ஆள் இல்லை.

இது அலிகேட்ஸின் குறை என்று சொல்லிவிட்டால் அது நியாயமாகாது. சோல் இசையின் தாய்வீட்டிலும் இதுதான் வழக்கம். டெட்ராய்ட் நகரில் 1959இல் மோட்டவுன் நிறுவனத்தைத் தொடங்கிய பெரி கோர்டி, அதற்கு முன் கார் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். பாட்டையும் அதே முறையில் செய்தார். எழுத ஓர் அறை, வாசிக்க ஓர் அறை, பாட ஆள் தனி. சுப்ரீம்ஸ் குழுவின் பன்னிரண்டு முதலிடப் பாடல்களில் பத்தை எழுதியது ஹாலந்து, டோசியர், ஹாலந்து என்ற மூவர் அணி. அரெத்தா ஃபிராங்க்ளினின் அடையாளமாகவே ஆகிவிட்ட ‘ரெஸ்பெக்ட்’ 1965இல் ஓட்டிஸ் ரெடிங் எழுதிப் பாடியது. உழைத்துக் களைத்து வீடு திரும்பும் ஆண் மனைவியிடம் மரியாதை கேட்கும் பாட்டு அது. 1967இல் அரெத்தா அதை எடுத்துப் பெண் கேட்பதாகத் திருப்பினார். அந்தச் சொல்லை எழுத்துக்கூட்டிப் பாடும் பகுதியும் அவர் சேர்த்ததுதான். இன்றைக்கு உலகம் நினைவில் வைத்திருப்பது அந்தப் பகுதியைத்தான். ஆனாலும் பாடலாசிரியர் என்ற இடத்தில் அவர் பெயர் இல்லை. அமெரிக்க வானொலிகள் பாட்டை ஒலிபரப்பினால் எழுதியவருக்குப் பணம் போகும், பாடியவருக்குப் போகாது. ஐம்பது வருடம் வானொலியில் ஒலித்த தன் குரலுக்கு அரெத்தா அந்த வகையில் ஒரு காசும் பார்க்கவில்லை.

எழுதியவர்களும் உண்டு. சாம் குக் சோல் இசையின் ஆரம்ப காலத்திலேயே தன் பாட்டைத் தானே எழுதி, அதன் பதிப்புரிமைக்கும் சொந்த நிறுவனம் வைத்துக்கொண்டவர். 1963 அக்டோபரில் லூசியானாவின் ஷ்ரீவ்போர்ட் நகரில், வெள்ளையர்களுக்கான விடுதி ஒன்றில் அவருக்கு அறை கிடையாது என்றார்கள். அந்தக் காலகட்டத்தின் கோபத்திலிருந்து அவர் எழுதிய ‘எ சேஞ்ச் இஸ் கோனா கம்’ பிறகு குடியுரிமைப் போராட்டத்தின் பாட்டாகவே ஆனது. அப்படியொரு பாட்டை அடுத்த அறையில் உட்கார்ந்திருக்கும் எழுத்தாளர் செய்து தருவார் என்று காத்திருந்தால் வந்திருக்குமா?

வந்திருக்கவே முடியாது என்றும் அடித்துச் சொல்ல முடியவில்லை. மார்வின் கேயின் ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ 1971இல் வந்தது. சோல் பாடகர் ஒருவர் தன் மனத்தைத் திறந்து கொட்டிய பாட்டு என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். அதன் விதை ஃபோர் டாப்ஸ் குழுவின் ரெனால்டோ பென்சனுடையது. பெர்க்லியில் போராடிய இளைஞர்களைப் போலீஸ் அடிப்பதைப் பார்த்தவர் அவர். அல் கிளீவ்லாண்டுடன் சேர்ந்து அதைப் பாட்டாக்கினார். அவருடைய சொந்தக் குழுவே பாட மறுத்துவிட்டது. பிறகுதான் மார்வின் கைக்கு வந்தது. அவர் மாற்றினார், சேர்த்தார், வியட்நாம் போருக்குப் போய் வந்த தம்பியின் அனுபவத்தை அதற்குள் கொண்டுவந்தார். மூவர் பெயரும் எழுதியவர்களாகப் பதிவாகியிருக்கிறது. ஆகவே ‘சொந்தப் பாட்டு’ என்பதற்குத் தனி ஒருவர் எழுதிய பாட்டு என்றுதான் பொருள் கொள்ள வேண்டும் என்பதில்லை. பாடுகிறவர் உள்ளே வந்து கை வைக்க இடம் இருந்ததா, கை வைத்தபின் அவர் பெயரையும் போட்டார்களா என்றுதான் பார்க்க வேண்டும்.

நம்மிடம் இந்தக் கேள்வி எழாமல் போனதற்குச் சினிமா ஒரு காரணம். பாபநாசம் சிவன் எழுதியவற்றைப் பாகவதர் பாட்டு என்றோம். வாலி எழுதி டி.எம்.எஸ். பாடியதை எம்.ஜி.ஆர். பாட்டு என்றோம். எழுதியவர் ஒருவர், மெட்டுப் போட்டவர் ஒருவர், பாடியவர் ஒருவர். வாயசைத்தவர் பெயரில் பாட்டு ஊருக்குள் போனது. அதற்கு முன்பு தோட்டங்களில் பால்மரம் வெட்டிய பெண்கள் பாடியவற்றுக்கோ எழுதியவர் பெயரே கிடையாது. முத்தம்மாள் பழனிசாமி போன்றவர்கள் தொகுத்து அச்சில் ஏற்றியதால் அவற்றில் கொஞ்சம் மிஞ்சியது. அந்தப் பெண்கள் கங்காணியைத் திட்டினார்கள், துரையைக் கிண்டல் செய்தார்கள், செத்த பிள்ளைக்கு ஒப்பாரி வைத்தார்கள். எழுதத் தெரியாதவர்கள்தான். ஆனால் பாட்டு அவர்களுடையதாக இருந்தது. தோட்டத்தை விட்டு நகரத்துக்கு வந்தபோது நாம் வழியில் போட்டுவிட்டு வந்தவற்றில் அதுவும் ஒன்று.

அது திரும்பி வந்தது ராப் வழியாக. யோகி பி, லேண்ட்ஸ்லைட், பாயிண்ட் பிளாங்க், சி. லோக்கோ சேர்ந்த பொயெட்டிக் அம்மோ குழுவின் முதல் ஆல்பம் 1998இல் வந்தது. ஆங்கிலம், மலாய், தமிழ், கான்டனீஸ் என்று நம் தெருவில் கேட்கும் மொழிகளிலேயே அவர்கள் பாடினார்கள். 2006இல் யோகி பி, டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் மூவரும் ‘நட்சத்ரா’ என்ற பெயரில் ‘வல்லவன்’ ஆல்பத்தைக் கொண்டுவந்தார்கள். ராப்பில் ஒரு எழுதாத சட்டம் உண்டு: அடுத்தவன் எழுதிக் கொடுத்ததைச் சொல்கிறவனுக்கு மதிப்பில்லை. சோல் பாடகருக்கு வாய்க்காத நிபந்தனை இது. இவனுக்கு நல்ல குரல் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, சொல் இருந்தாக வேண்டும்.

ஆனால் அந்த ஆல்பத்தை ஊரெங்கும் கொண்டுபோன ‘மடை திறந்து’ எதன் மேல் நிற்கிறது? 1980இல் வந்த ‘நிழல்கள்’ படத்தில் இளையராஜா இசையமைத்து, வாலி எழுதி, எஸ்.பி.பி. பாடிய பாட்டின் மேல். அந்தப் படத்தில், வாய்ப்புக்காக ஏங்கும் ஓர் இசைக் கலைஞனின் கனவாக அந்தக் காட்சி வரும். கோலாலம்பூரில் வாய்ப்புத் தேடிய மூன்று பேர் அந்தக் கனவைக் கடன் வாங்கி, நடுவில் தங்கள் கதையைத் தாங்களே எழுதிச் சேர்த்தார்கள். அரெத்தா செய்ததும் ஏறக்குறைய இதுதான். தமிழ்நாட்டுச் சினிமா பிறகு யோகி பியைக் கூப்பிட்டது. ‘பொல்லாதவன்’, ‘ஆடுகளம்’ படங்களில் அவர் குரல் ஒலித்தது. நூறு வருடமாக அங்கிருந்து பாட்டு வாங்கிக்கொண்டிருந்த ஊர், முதல்முறையாகச் சொல்லை அங்கே அனுப்பியது.

லோகா 2007இல், ‘வல்லவன்’ வந்ததற்கு அடுத்த வருடம், நுரையீரல் புற்றுநோயில் இறந்தார். ஒரு காலம் முடிந்து இன்னொன்று தொடங்கியதாகச் சொல்ல ஆசையாக இருக்கிறது. உண்மை அவ்வளவு நேராக இல்லை. எழுதியவன் பெயர் இன்றைக்கும் தானாக நிற்பதில்லை. 2021இல் உலகம் சுற்றிய ‘எஞ்சாயி எஞ்சாமி’, தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தன் பாட்டியின் கதையிலிருந்து அறிவு எழுதிப் பாடியது. அடுத்த வருடமே அது யாருடைய பாட்டு என்று அவர் பொதுவெளியில் வந்து பேச வேண்டியிருந்தது. இந்தப் பக்கம் இப்படி என்றால் மறுபக்கமும் உண்டு. தன் பாடல்களை மேடையில் பாட அனுமதி வாங்க வேண்டும் என்று இளையராஜா தரப்பு 2017இல் எஸ்.பி.பி.க்கு அனுப்பிய நோட்டீஸ் நம் எல்லாரையும் இரண்டு கட்சியாகப் பிரித்தது. மலேசியாவில் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் இருக்கிறது. எழுதுவோருக்கும் இசையமைப்போருக்கும் 1989இலிருந்து எம்.ஏ.சி.பி. என்ற அமைப்பு இருக்கிறது. பாடுகிறவரின் உரிமை சட்டத்துக்குள் வர 2000ஆம் ஆண்டின் திருத்தம் வரைக்கும் ஆனது. அதற்குள் அலிகேட்ஸின் புகழ்பெற்ற பாடல்கள் வந்து இருபது வருடம் ஓடிவிட்டது.

இதையெல்லாம் கம்போங் மேடானிலிருந்து யோசிக்க எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. 2001 மார்ச்சில் இங்கே ஆறு பேர் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலும் நம் ஆட்கள். வெட்டுப்பட்டுப் பிழைத்தவர்கள் நாற்பதுக்கு மேல். அதன்பிறகு இந்த இடத்தைப் பற்றி அறிக்கை எழுதினார்கள், செய்தி எழுதினார்கள், ஆய்வு எழுதினார்கள். வெளியிலிருந்து வந்தவர்கள் எழுதியவற்றில் நாங்கள் எண்ணிக்கையாக இருந்தோம். அந்தக் கல்யாண விருந்தில் கேள்வி கேட்ட பையன் அப்போது பிறந்திருக்கவில்லை. ஆனால் அதே அடுக்குமாடியில்தான் வளர்கிறான்.

விருந்து முடிந்து படியில் இறங்கும்போது அவனிடம் எம். நாசிரைப் பற்றிச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் வந்தான். அப்புறம் கைப்பேசியை எடுத்துக் காட்டினான். குறிப்பேட்டில் நாற்பது, ஐம்பது வரி. பாதி தமிழ், பாதி மலாய், எழுத்துப்பிழை நிறைய. லிஃப்ட் வேலை செய்யாததைப் பற்றி, அம்மாவின் இரவு ஷிஃப்ட்டைப் பற்றி, போலீஸ் நிறுத்தி ஐசி கேட்டதைப் பற்றி.

“மெட்டு இன்னும் இல்ல மாமா,” என்றான்.

“அது வேற யார்கிட்டயாவது வாங்கிக்கலாம்டா,” என்றேன்.