ராமானுஜனின் முன்வியாதிகள்

குரோம்பேட்டையிலிருந்து தெற்கே அடுத்த ஸ்டேஷனுக்கு சானடோரியம் என்றே பெயர். 1928இல் அங்கே காசநோய் விடுதியை ஆரம்பித்தவர் டாக்டர் சௌரிமுத்து. 1937இல் அரசாங்கம் அதை ஏற்றுக்கொண்டது. இதற்கு முன்பு அவர் இங்கிலாந்தில், மெண்டிப் குன்றுகளில், இதே மாதிரி விடுதி ஒன்றை நடத்திவந்தார். 1917இல் அங்கே அவரிடம் வந்த நோயாளிகளில் ஒருவர் கணித மேதை ராமானுஜன். 1914இல் இருவரும் ஒரே கப்பலில் இங்கிலாந்து போனவர்கள்.

அந்நிய தேசத்தில் நம்மூர் டாக்டர், நம்மூர் நோயாளி. மனம் விட்டுப் பேச இதைவிட என்ன வேண்டும் என்று தோன்றும். ஆனால் ராமானுஜனுடைய வியாதியின் பெயர் டாக்டருக்கு டாக்டர் மாறிக்கொண்டிருந்தது. முதலில் வயிற்றுப்புண்; பிறகு காசம். 1910இல் அவருக்கு விரைவீக்க ஆபரேஷன் நடந்திருந்தது. பிற டாக்டர்கள் அறியாத இதை லண்டனில் பாட்டி ஷா என்ற டாக்டர் கண்டுபிடித்தார். கண்டுபிடித்து, புற்றுநோயாக இருக்கலாம் என்று சந்தேகித்தார். தாமதமாகத் தெரிந்த உண்மையும் தப்பான இடத்துக்கே கொண்டு போயிற்று.

இந்தியாவை விட்டுக் கிளம்புமுன் ராமானுஜனுக்கு இருமுறை சீதபேதி கண்டிருந்தது. இதை முக்கியமாகக் கொண்டு 1994இல் டி. ஏ. பி. யங் என்பவர், வியாதி காசமல்ல, அமீபாவினால் ஈரலில் வந்த நோய் என்று வாதித்தார். யூகம்தான். ஆனால் அமீபா நோய்க்கு எமெட்டின் ஊசியை லெனார்ட் ராஜர்ஸ் 1912இலேயே கல்கத்தாவில் பிரயோகித்திருந்தார். ராமானுஜன் 1920 ஏப்ரல் 26 அன்று சேத்துப்பட்டில் இறந்தபோது வயது 32.

குளிரையும் சாப்பாட்டையும் ஆசாரத்தையும் குற்றம் சொல்வது வழக்கமாகிவிட்டது. எனக்குத் தோன்றுவது வேறு. தீர்ந்துபோன வியாதியை நோயாளி வியாதியாக நினைப்பதில்லை. டாக்டரோ, தான் ஏற்கெனவே பெயர் வைத்துவிட்ட வியாதியைப் பற்றியே கேட்கிறார். விடுதியின் வாசற்பலகையே பாதி தீர்ப்பைச் சொல்லிவிடுகிறது. பாஷை ஒன்றாயிருப்பதால் மட்டும் இது சரியாகிவிடாது.

போன மாதம் அம்மாவை ஒரு டாக்டரிடம் அழைத்துப் போனேன். "வேறு ஏதாவது உண்டா?" என்று தமிழில்தான் கேட்டார். "ஒண்ணுமில்லை" என்றாள் அம்மா. மூட்டு வலிக்காக இருபது வருஷமாக அவள் விழுங்கும் மாத்திரை எனக்கும் ஞாபகம் வரவில்லை. வீட்டுக்கு வந்து, சாப்பிட்டதும் வழக்கம்போல் அவள் அதைக் கேட்டபோதுதான் வந்தது.