500 ரூபாய் பட்ஜெட்... நண்பரின் குழந்தைக்கு என்ன கிஃப்ட் வாங்கலாம்? வில்லியனூர் டு பாகூர் கைடு!

வாட்ஸ்அப் குரூப்பில் போட்டோ வந்தாச்சு. துணிக்குள் சுருட்டிய குட்டி முகம், கீழே வரிசையாக ஹார்ட். உங்களோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர் இப்போது அப்பா அல்லது அம்மா. அடுத்த நிமிடமே தனி சாட்டில் கேள்வி வரும்: "மச்சி, நீ என்ன எடுத்துட்டுப் போற?"

அங்கேதான் சிக்கல். சேதராப்பட்டு, திருபுவனை பக்கம் கம்பெனி வேலை, கையில் வருவதே அளவான சம்பளம், தேதியோ 25. பாண்டி டவுனுக்குப் போனால் கிஃப்ட் பாக்ஸ் விலையைப் பார்த்ததும் திரும்பி வந்துவிடலாம் போலிருக்கும். 'வெறுங்கையோடு எப்படிப் போறது?' என்று போவதையே தள்ளிப்போடுபவர்கள் உண்டு. கடன் வாங்கிப் பெரிதாகச் செய்பவர்களும் உண்டு.

இரண்டுமே வேண்டாம். நம்ம ஊரில் விசேஷத்துக்கு வந்தது எல்லாம் நோட்டில் ஏறும், இல்லையென்றால் மனதில் ஏறும். நீங்கள் 3,000 ரூபாய்க்குச் செய்தால், நாளைக்கு உங்கள் வீட்டு விசேஷத்துக்கு அந்த நண்பரும் 3,000-க்குக் குறையாமல் செய்தாக வேண்டும். பிரசவச் செலவில் இருக்கும் குடும்பத்துக்கு உங்கள் அன்பு ஒரு கடனாக மாறிவிடக் கூடாது. தங்கம், வெள்ளியை எல்லாம் தாய்மாமன் பார்த்துக்கொள்ளட்டும். நண்பரின் வேலை வேறு: யாரும் வாங்காத, ஆனால் அந்த வீட்டில் தினமும் தேவைப்படும் பொருளை வாங்கிக் கொடுப்பது.

எப்போது போவது?

வாங்குவதற்கு முன்னால் ஒரு போன். சில வீடுகளில் தீட்டு கழியும்வரை வெளியாட்களை எதிர்பார்க்க மாட்டார்கள். சிலர் பேர் வைக்கிற அன்றைக்குத்தான் கூப்பிடுவார்கள். மாதா கோயிலில் ஞானஸ்நானம் வைத்திருப்பார்கள், சுல்தான்பேட்டை பக்கத்து நண்பர் வீட்டில் அகீகா இருக்கும். "எப்ப வந்தா உங்களுக்குத் தோதா இருக்கும்?" என்று கேட்டுவிட்டுப் போவது நல்லது. சளி, இருமல், காய்ச்சல் இருந்தால் போகவே வேண்டாம். போனதும் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள். குழந்தையின் முகத்தில் முத்தம் கொடுக்காதீர்கள்.

முதல் 3 மாதம்: துணி, கொசு வலை, தெர்மாமீட்டர்

இந்த நாள்களில் குழந்தைக்குப் பொம்மை தேவையில்லை. அம்மாவுக்குத் துணிதான் தேவை. ஒரு நாளைக்கு எத்தனை முறை மாற்றினாலும் போதாது, அதுவும் ஐப்பசி, கார்த்திகை மழையில் துவைத்தது காயவே காயாது. அதனால் மெல்லிசான காட்டன் வேட்டி ஒன்று அட்டகாசமான கிஃப்ட். கிழித்தால் துணி நாப்பி ஆகும், மடித்தால் விரிப்பு ஆகும், குளிப்பாட்டியபின் துடைக்கவும் ஆகும். ஒரு முறை துவைத்து, வெயிலில் காய வைத்து, மடித்துக் கொடுங்கள். புதுத்துணியின் கஞ்சி குழந்தையின் தோலை உறுத்தும்.

அடுத்தது, குடை மாதிரி விரித்து மூடும் குட்டிக் கொசு வலை. பாகூர் பக்கம் ஏரி, வாய்க்கால், வயல் என்று சுற்றிலும் தண்ணீர். வில்லியனூரிலும் சாயங்காலம் ஆனால் கதவைச் சாத்த வேண்டியதுதான். கொசுவத்திப் புகை பச்சிளம் குழந்தைக்கு ஆகாது. வலைதான் பாதுகாப்பு. தலையணை, திண்டு எல்லாம் சேர்ந்த செட்டைவிட வலை மட்டும் வாங்கினால் விலையும் குறைவு. பிறந்த குழந்தைக்குத் தலையணை தேவையும் இல்லை.

மூன்றாவதாக ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர். மெடிக்கலில் சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். மூன்று மாதத்துக்குள் இருக்கும் குழந்தைக்கு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் அல்லது அதற்கு மேல் காய்ச்சல் என்றால் வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டு காத்திருக்கக் கூடாது, உடனே டாக்டரிடம் போக வேண்டும். நெற்றியில் கை வைத்துப் பார்த்தால் இது தெரியாது. ராத்திரி 2 மணிக்கு அந்த வீட்டில் உங்கள் கிஃப்ட்தான் பேசும்.

6 மாதத்துக்குப் பிறகு: சைஸ்தான் ரகசியம்

பிறந்த குழந்தைக்கு டிரெஸ் வாங்குபவர்கள் எல்லாருமே '0-3 மாதம்' சைஸில்தான் எடுப்பார்கள். பாதி டிரெஸ் ஒரு தடவைகூடப் போடாமல் சின்னதாகிவிடும். நீங்கள் 6-12 மாத சைஸில் எடுங்கள். கூடவே விரல் விட்டு எண்ணுங்கள்: ஐப்பசியில் பிறந்த குழந்தைக்குச் சித்திரையில்தான் ஆறு மாதம். அப்போது வெளுத்து வாங்குகிற வெயில். வெல்வெட், நெட், ஜிகினா வைத்த ஃபிராக் எல்லாம் போட்டோவுக்கு மட்டும்தான். கையில்லாத காட்டன் ஜப்லா நான்கு எடுத்தால் தினமும் போடுவார்கள். பட்டன், பாசி, ஒட்டுக்கல் இருந்தால் வேண்டாம், முடிச்சு போடுகிற கயிறு வைத்ததே மேல். ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் பேரம் பேசி எடுக்கலாம். துணியைக் கசக்கிப் பாருங்கள், சாயம் கையில் ஒட்டுதா என்று ஈரக் கைக்குட்டையால் தேய்த்துப் பாருங்கள்.

ஆறு மாதம் முடியும்வரை தாய்ப்பால் மட்டுமே, தண்ணீர்கூட வேண்டாம் என்பதுதான் மருத்துவர்கள் சொல்வது. அதன் பிறகு சாதம் மசித்து ஊட்ட ஆரம்பிப்பார்கள். அதற்கு ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணம், விளிம்பு மழுங்கிய ஸ்பூன், டம்ளர். பாத்திரக் கடையிலேயே குழந்தையின் பெயரை வெட்டித் தரச் சொல்லலாம். அந்தக் கிண்ணம் அவர்கள் வீட்டில் இருபது வருஷமாவது இருக்கும்.

பொம்மையா? லேபிளைப் பாருங்க!

2021 ஜனவரி 1 முதல் 14 வயது வரையிலான குழந்தைகளுக்கான பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ முத்திரை இந்தியாவில் கட்டாயம். முத்திரை இல்லாத பளபள பிளாஸ்டிக் எவ்வளவு சீப்பாக இருந்தாலும் வாங்காதீர்கள். மூன்று வயதுக்குள் குழந்தை எதை எடுத்தாலும் வாய்க்குத்தான் கொண்டுபோகும். கழன்று வரும் கண், சக்கரம், மணி எதுவும் இருக்கக் கூடாது. பாட்டுப் பாடும் பொம்மை என்றால் பேட்டரி மூடி ஸ்க்ரூ போட்டு இறுக்கியதா என்று பாருங்கள். அதில் இருக்கும் பொத்தான் பேட்டரியைக் குழந்தை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

நம்ம மண்ணின் ஞாபகம்

வில்லியனூர் சுடுமண் கைவினைக்குப் புவிசார் குறியீடு உண்டு. சுடுமண் கலைக்காக 2020-ல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்ட வி.கே.முனுசாமி நம்ம புதுச்சேரிக்காரர்தான். பாகூரிலிருந்து பாண்டிக்கு வரும் கடலூர் சாலையிலேயே முருங்கப்பாக்கம் கைவினைக் கிராமம் இருக்கிறது. ஒரு மண் உண்டியல் வாங்கி, முதல் காசை நீங்களே போட்டுக் கொடுங்கள். குழந்தையின் கைக்கு எட்டாத இடத்தில், அலமாரியில் இருக்கட்டும்.

பேப்பரும் ஒரு கிஃப்ட்தான்!

இதை யாரும் யோசிப்பதில்லை. பல பாக்கெட்டுகள் உள்ள ஒரு நல்ல பிளாஸ்டிக் ஃபைல். தடுப்பூசி அட்டை, டிஸ்சார்ஜ் சம்மரி, பிறப்புச் சான்றிதழ் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்கு ஸ்கூல் சேர்க்கை, பாஸ்போர்ட் என எல்லாவற்றுக்கும் பிறந்த தேதி, இடத்துக்கான சான்று பிறப்புச் சான்றிதழ்தான். பிறந்து 21 நாளுக்குள் பதிவு செய்தால் கட்டணம் இல்லை. பெயர் முடிவாகவில்லை என்றாலும் பதிவு செய்துவிட்டு, ஒரு வருடத்துக்குள் கட்டணமில்லாமல் பெயரைச் சேர்க்கலாம். குழந்தை எங்கே பிறந்ததோ அந்த இடத்துக்கு உரிய அலுவலகத்தில்தான் பதிவு இருக்கும். சொந்த ஊர் பாகூராக இருந்தாலும், பாண்டி ஆஸ்பத்திரியில் பிறந்திருந்தால் பாகூர் கொம்யூன் பஞ்சாயத்தில் தேடிப் பயனில்லை. "ஆபீஸுக்கு நான் அலைஞ்சு வாங்கித் தர்றேன்டா" என்று சொல்லுங்கள், அதற்கு விலையே கிடையாது.

பெண் குழந்தையா? செல்வமகள் சேமிப்புக் கணக்கை 250 ரூபாயில் தொடங்கலாம். பெற்றோர் அல்லது காப்பாளர்தான் தொடங்க முடியும். அதனால் போஸ்ட் ஆபீஸில் விண்ணப்பப் படிவம் வாங்கி, 250 ரூபாயோடு ஒரு கவரில் வைத்துக் கொடுங்கள். வருடத்துக்குக் குறைந்தது 250 ரூபாய் கட்டி வர வேண்டும் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

அம்மாவையும் மூத்ததையும் மறக்காதீங்க

வருகிற எல்லாரும் குழந்தையைத்தான் பார்ப்பார்கள். பெற்றவளுக்கு என்று ஒருவரும் கொண்டுவர மாட்டார்கள். முன்பக்கம் திறக்கிற காட்டன் நைட்டி ஒன்று, பூண்டு ஒரு கிலோ, ஒரு கட்டு முருங்கைக்கீரை... கடற்கரைப் பக்கத்து வீடுகளில் பிள்ளை பெற்றவளுக்குப் பால்சுறாப் புட்டு செய்து கொடுப்பது வழக்கம். மீன் வாங்குவதற்கு முன் அவருடைய அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் மூத்த பிள்ளை இருந்தால் அதற்கு ஒரு கலர் பென்சில் டப்பா. 'தம்பி வந்ததும் என்னை யாரும் கண்டுக்கல' என்று ஓரமாக நிற்கிற முகம் அப்படியே மலரும்.

இன்னொன்று: 6, 10, 14-வது வாரங்களில் தடுப்பூசி உண்டு. பச்சைக் குழந்தையோடு பஸ்ஸுக்கு நிற்பது கஷ்டம். "அன்னிக்கு ஆட்டோ என் செலவு" என்று தேதி குறித்துச் சொல்லிவிடுங்கள்.

இதெல்லாம் வேண்டவே வேண்டாம்!

* பால் பாட்டில், பால் பவுடர்: இவற்றுக்கு விளம்பரம் செய்வதற்கே இந்தியாவில் தடை. 1992-ல் வந்த சட்டம், 2003-ல் இன்னும் இறுக்கப்பட்டது. கிஃப்ட் பேக்கில் வைத்துக் கொடுக்கிற பொருள் இல்லை இது.

* தேன்: ஒரு வயது முடியும்வரை நாக்கில் தொட்டுக்கூட வைக்கக் கூடாது. கடுமையான நச்சுப் பாதிப்பு வரலாம்.

* பவுடர், கண் மை: பவுடர் மூச்சுக்குள் போகும். மையில் ஈயம் கலந்திருக்க வாய்ப்பு உண்டு.

* வாக்கர்: கனடா 2004-லேயே தடை செய்துவிட்டது. நடை சீக்கிரம் வராது, வாசப்படியில் உருண்டு அடிபடும் ஆபத்துதான் அதிகம்.

* கழுத்தில் போடும் கயிறு, முத்து வைத்த கொலுசு, பாசி வளையல்: கயிறு இறுக்கும், முத்து கழன்று வாய்க்குள் போகும்.

குறை மாதத்தில் பிறந்தால்...

குழந்தை இன்குபேட்டரில் இருக்கிறது என்றால் கிஃப்ட் எதுவும் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். அப்போது அவர்களுக்குத் தேவை சாப்பாடு, பஸ் காசு, ராத்திரி துணைக்கு ஒரு ஆள். 500 ரூபாயை ஜிபே பண்ணிவிட்டு, "திருப்பித் தர வேணாம், நோட்டுலயும் எழுதாத" என்று ஒரு மெசேஜ் போடுங்கள். மதியம் ஒரு டிபன் கேரியரில் சோறு கொண்டுபோய்க் கொடுங்கள்.

நாலு பேர் சேர்ந்தால் தலைக்கு 150 ரூபாயில்கூட வலை, தெர்மாமீட்டர், ஃபைல் மூன்றும் சேர்த்து வாங்கப் பாருங்கள். யார் எவ்வளவு போட்டார்கள் என்பது குரூப்போடு இருக்கட்டும், கவரில் எல்லார் பெயரும் ஒன்றாக இருக்கட்டும். கிளம்பும்முன் மறக்காமல் விலைச் சீட்டைக் கிழித்துவிட்டு, பில்லை மட்டும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். சைஸ் சரியில்லை என்றால் மாற்றித் தருவதும் உங்கள் பொறுப்புதான்!