பொருள்களைக் காத்தவர்களின் பங்கு

குளச்சலில் ஒரு வெற்றித்தூண் நிற்கிறது. 1741-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 10-ஆம் நாள் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மாவின் படை டச்சுக்காரரை வென்றதன் நினைவுச் சின்னம் அது. அக்காலத்தில் கரையோர மீனவர்கள் துடுப்புகளைத் தோளில் சாய்த்து வரிசையாக நின்றனர் என்றும், கடலிலிருந்து நோக்கிய டச்சுக்காரர் அவற்றைத் துப்பாக்கிகள் என எண்ணி மயங்கினர் என்றும் எங்கள் பகுதியில் செவிவழிச் செய்தி ஒன்று உண்டு. தூண் படையை நினைவுகூர்கிறது; துடுப்பேந்தியவர்களை மக்கள் நாவு நினைவுகூர்கிறது.

அண்மையில் எங்கள் பங்கைச் சேர்ந்த ஒருவரோடு உரையாடியபோது இத்தூண் என் நினைவுக்கு வந்தது. அவர் சிங்கப்பூரில் கப்பல் கட்டும் தளம் ஒன்றில் பொறியாளர். அந்நகரின் ஒப்பீர் சாலையில், தமிழ்க் கத்தோலிக்கருக்காக 1888-இல் கட்டி முடிக்கப்பட்ட லூர்து அன்னை ஆலயத்தில் அவருக்கு ஒரு நண்பர் கிடைத்தார். அங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர். இவரோடு ஒரே தளத்தில் பணிபுரிபவர். ஆண்டுதோறும் அந்நண்பருக்குப் படையிலிருந்து அழைப்பு வரும். சில நாள்களோ, சில வாரங்களோ, சீருடை அணிந்து பாசறைக்குச் சென்றுவிடுவார்.

"அவன் போனால் அவன் வேலையும் என் தலையில்தான் சாமி. அவன் அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவதும், பிள்ளையைப் பள்ளியிலிருந்து அழைத்து வருவதும் நாங்கள்தான். அதில் எனக்கு வருத்தமில்லை. இப்போது சிக்கல் வேறு" என்றார். நிரந்தரவாச உரிமைக்கு விண்ணப்பிக்க எண்ணுகிறார். அது கிடைத்தால் அவருக்குப் படைக்கடமை இல்லை. பெற்றோர் வழியாக அவ்வுரிமை பெறும் மகனோ, 18 வயதை எட்டியதும் இரண்டாண்டுச் சேவைக்கும், பின்னர் சேமப்படைப் பணிக்கும் உட்பட்டவன். மகனுக்கு இப்போது வயது பத்து. "சோறு போடுகிற நாடுதான். அதற்காகப் பிள்ளையின் கையில் துப்பாக்கியைக் கொடுக்கலாமா சாமி?" என்று கேட்டார்.

இக்கடமை அங்கு வந்த வரலாற்றைச் சற்றே நோக்குவோம். 1965 ஆகஸ்டு 9 அன்று மலேசியாவிலிருந்து பிரிந்தபோது சிங்கப்பூரிடம் இரண்டே காலாட்படைப் பட்டாளங்கள் இருந்தன. ஊதியம் கொடுத்துப் பெருஞ்சேனை பேண அச்சிறு தீவுக்கு ஆள்பலமும் இல்லை, பொருள்வளமும் இல்லை. எனவே பாதுகாப்பு அமைச்சர் கோ கெங் சுவீ முன்மொழிந்த தேசிய சேவைச் சட்டத் திருத்தம் 1967 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. முதலில் பதிவு செய்யப்பட்ட இளைஞர்கள் ஏறத்தாழ 9,000 பேர். முழுநேரப் படைப்பணிக்குத் தெரிந்தெடுக்கப்பட்டவர்கள் சுமார் 900 பேரே. மறு ஆண்டே பிரிட்டன் தன் படைகளை விலக்கிக்கொள்வதாக அறிவிக்கவே, தேவை இன்னும் கடுமையாயிற்று.

முழுநேரச் சேவையை முடித்தவர் சேமப்படையினர் ஆகிறார். ஆண்டுக்கு 40 நாள்கள் வரை அவரை அழைக்கலாம். அதிகாரிகளுக்கு 50 வயது வரையும் ஏனையோர்க்கு 40 வயது வரையும் இக்கடமை நீடிக்கும். வானொலியிலும் தொலைக்காட்சியிலும் குறிச்சொற்களை அறிவித்துத் திடீரெனத் திரட்டும் பயிற்சியும் உண்டு. நம் நாட்டிலும் பிராந்திய சேனை இருக்கிறது. 1949 அக்டோபர் 9 அன்று அதனை முறைப்படி தொடங்கி வைத்தவர் இராஜாஜி. இங்கே சேர்வது விருப்பம். அங்கே அது சட்டம்.

சேமப்படையினர் இழக்கும் வருமானத்தைச் சிங்கப்பூர் அரசு ஈடுசெய்கிறது. அழைக்கப்பட்ட காரணத்துக்காக அவரை வேலையிலிருந்து நீக்கவும் கூடாது. நல்ல ஏற்பாடுதான். ஆயினும், அவருடைய பணியை இரவில் முடித்துவிட்டு வீடு திரும்பும் தோழனின் உழைப்பும், இரண்டு வீட்டுக்கும் சேர்த்து உலை வைக்கும் மனைவியின் உழைப்பும் எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை.

இவர்களைப் பற்றியும் மறைநூல் பேசுகிறது. சாமுவேல் முதல் நூலின் முப்பதாம் அதிகாரத்தில், பகைவரைத் துரத்திச் சென்ற தாவீதின் 600 பேருள் 200 பேர் களைப்புற்றுப் பெசோர் ஓடையருகே தங்கிவிடுகின்றனர். வென்று திரும்பியோருள் சிலர் அவர்களுக்குப் பங்கு கொடுக்க மறுக்கின்றனர். களம் புகுந்தவனுக்கும் பொருள்களைக் காத்தவனுக்கும் பங்கு ஒன்றே எனத் தாவீது தீர்ப்பளிக்கிறார். அதுவே இஸ்ரயேலில் சட்டமும் ஆயிற்று.

நண்பரிடம் இதைச் சொன்னேன். சோறு போட்ட நாட்டுக்கு அவர் கைம்மாறு செய்யாமல் இல்லை என்றேன். மகனைப் பற்றிய கேள்விக்கு அவ்வளவு எளிதாக விடை கூற என்னால் இயலவில்லை. சிங்கப்பூர் பிறந்த அதே 1965-இல், இரண்டாம் வத்திக்கான் சங்கம் நாட்டைக் காக்கும் படைவீரரின் பணியை மதித்தது. மனச்சான்றின் பொருட்டு ஆயுதம் ஏந்த மறுப்போர் வேறு வகையில் பணியாற்றச் சட்டம் இடமளிக்க வேண்டும் என்றும் கருதியது. சிங்கப்பூர்ச் சட்டத்தில் அத்தகைய இடமில்லை. ஆகவே, பின்னாளில் அப்பிள்ளையின் மனச்சான்று என்ன சொல்லும் என்பதையும் எண்ணிப் பார்த்து முடிவெடுங்கள் என்று மட்டும் கூறினேன்.

அவர் உடனே முடிவெடுக்கவில்லை. விடுப்பு முடிய மூன்று நாள்கள் இருக்கும்போதே விடைபெற வந்தார். காரணம் கேட்டேன்.

"திங்கட்கிழமை அவனுக்கு அழைப்பு சாமி. அவன் அம்மாவுக்கும் அன்றுதான் ஆஸ்பத்திரி" என்றார்.