திருப்பூர் போனதும் மாத்திரையை விட்டாச்சா? காசநோய் + எச்.ஐ.வி. ஏன் ஆபத்தான கூட்டணி?

வத்திராயிருப்பில் இருந்து திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போகிறவர்கள் உண்டு. ராஜபாளையம் பக்கத்து நூற்பாலைகளுக்கு பீகார், ஒடிசாவில் இருந்து வருகிறவர்களும் உண்டு. காசநோய், எச்.ஐ.வி. என்று பேச்சு வந்தாலே, "வெளியூர்க்காரங்கதான் கொண்டு வர்றாங்க" என்று யாராவது ஒருத்தர் சொல்லிவிடுவார். அது உண்மையா?

தூங்கும் கிருமியை எழுப்புவது எது?

காசநோய்க் கிருமி உடம்புக்குள் புகுந்தாலும், பெரும்பாலானோருக்கு நோய் வருவதில்லை. எதிர்ப்பு சக்தி அதை அடக்கி வைத்திருக்கும். வாழ்நாள் முழுக்கக் கணக்கிட்டாலும் 100 பேரில் 5 முதல் 10 பேருக்குத்தான் நோயாக மாறும். எச்.ஐ.வி. இருந்து, அதற்கான சிகிச்சையும் எடுக்காதவருக்கோ, ஒவ்வொரு ஆண்டுமே 10 சதவீதம் அளவுக்கு அந்த ஆபத்து உண்டு.

அமெரிக்கா, பிரிட்டனில் காசநோயாளிகளில் பெரும்பாலானோர் வெளிநாட்டில் பிறந்தவர்கள். பலருக்கு, சொந்த நாட்டிலேயே தொற்றிய கிருமி ஆண்டுகள் கழித்து விழித்துக்கொள்கிறது. நம்ம ஊர்க் கதை வேறு. உலகக் காசநோயாளிகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் இந்தியர். கிருமி உள்ளூரிலேயே நிறைய இருக்கும்போது, வெளியூர்க்காரரைக் கைகாட்டி என்ன பயன்? ஊர் மாறுகிறவருக்கு உள்ள பெரிய சிக்கல், சிகிச்சை பாதியில் அறுந்துபோவதுதான். லீவு போட்டால் சம்பளம் போகும். ஒரே ரூமில் பத்து பேர் தங்கும்போது மாத்திரை டப்பாவை எங்கே வைப்பது?

இரண்டு வாரம் காத்திருக்கக் கூடாது

பொதுவாக இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் பரிசோதனை என்பார்கள். எச்.ஐ.வி. உள்ளவருக்கு இந்தக் கணக்கு கிடையாது. ஒரு நாள் இருமல், காய்ச்சல், எடை குறைவது, ராத்திரி வியர்வை என எது இருந்தாலும் உடனே பார்க்க வேண்டும். இவர்களுக்குச் சாதாரண சளி பரிசோதனையில் கிருமி தெரியாமல் போகலாம். நுரையீரலை விட்டு நெறிகட்டி, வயிறு, மூளை என்றும் நோய் போகலாம். அதனால்தான் சிபிநாட், ட்ரூநாட் போன்ற மரபணு பரிசோதனைகள் தேவைப்படுகின்றன.

"மாத்திரை ஒத்துக்கலை" என்று நிறுத்துவது ஏன்?

முதலில் காசநோய் மாத்திரை, பெரும்பாலும் 2 வாரத்துக்குள் எச்.ஐ.வி.க்கான ஏ.ஆர்.டி. மாத்திரை. மூளைக்காய்ச்சல் வகைக் காசநோய் என்றால் மட்டும் ஏ.ஆர்.டி.யைக் கொஞ்சம் தள்ளித் தொடங்குவார்கள். ஏ.ஆர்.டி. தொடங்கிய சில வாரங்களில் சிலருக்கு நெறி வீங்கும், காய்ச்சல் கூடும். எதிர்ப்பு சக்தி மீண்டும் வேலை செய்யத் தொடங்குவதால் வரும் விளைவு இது. பயந்து நிறுத்தாமல் டாக்டரிடம் போக வேண்டும். இன்னொரு விஷயம்: ரிஃபாம்பிசின் மாத்திரை, டோலுடெக்ராவிர் மருந்தின் அளவை ரத்தத்தில் குறைத்துவிடும். அதனால்தான் டோலுடெக்ராவிரை ஒரு வேளைக்குப் பதில் இரண்டு வேளை தருகிறார்கள். நோய் முற்றிவிட்டது என்று அர்த்தம் இல்லை.

முன்பு இந்தியாவில் காசநோய் மாத்திரை வாரம் மூன்று நாள்தான். எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு தினமும் தருவதே மேல் என்று காட்டியது, சென்னை சேத்துப்பட்டு தேசிய காசநோய் ஆராய்ச்சி நிலையம் தமிழ்நாட்டில் நடத்திய ஆய்வு. 2018ல் அதன் முடிவு வெளியானது. இப்போது எல்லோருக்கும் தினசரி மாத்திரைதான்.

ஊர் மாறினால் என்ன செய்வது?

கிளம்பும் முன் சொல்லிவிட்டாலே போதும். நிக்ஷய் எண்ணை வைத்து காசநோய் சிகிச்சையை வேறு மாவட்டத்துக்கும் மாநிலத்துக்கும் மாற்றலாம். ஏ.ஆர்.டி. மையத்தில் மாறுதல் கடிதம் வாங்கிக்கொள்ளலாம். இரண்டு சிகிச்சையும் இலவசம். காசநோய்க்கான மாத உதவித்தொகை 2024 நவம்பரில் இருந்து 500 ரூபாயில் இருந்து 1,000 ஆகியிருக்கிறது.

வேலை போய்டுமோ என்ற பயமா? 2018 செப்டம்பரில் அமலுக்கு வந்த எச்.ஐ.வி. சட்டப்படி, எச்.ஐ.வி. இருப்பதைக் காரணம் காட்டி வேலையை விட்டு அனுப்புவது பாகுபாடு. சம்மதம் இல்லாமல் பரிசோதிக்கவும் கூடாது. வளைகுடா விசாவுக்கு இது பொருந்தாது. அங்கே மருத்துவப் பரிசோதனையில் எச்.ஐ.வி. தெரிந்தால் விசா கிடைக்காது.

எச்.ஐ.வி. இருந்து காசநோய் இல்லாதவர்கள், ஏ.ஆர்.டி. மையத்தில் காசநோய்த் தடுப்பு மாத்திரை பற்றிக் கேட்கலாம். கட்டணமில்லா உதவி எண்கள்: எச்.ஐ.வி.க்கு 1097, காசநோய்க்கு 1800-11-6666.