கடைத்தெரு யாருக்குத் திறந்தது?

கோயம்புத்தூரின் வரலாறு என்று அச்சில் வருவதெல்லாம் பெரும்பாலும் மில்களின் வரலாறு. 1888இல் ஸ்டேன்ஸ் மில், 1910இல் லட்சுமி மில், 1930களில் பைக்காரா மின்சாரம் என்று முதலாளிகளின் பெயரோடு ஆண்டுகள் வரிசையாக வரும். இந்த வரிசையில் 1900 பிப்ரவரி 8ஆம் தேதிக்கு இடமே கிடையாது. அன்று விடிவதற்கு முன், மூன்று மணிக்குமேல், கோவையைப் பூமி உலுக்கியது. ரிக்டர் கணக்கில் ஏறக்குறைய 6. பாலக்காட்டுக் கணவாயை ஒட்டிக் கிளம்பிய அந்த அதிர்வைத் தென்னிந்தியாவின் பெரும்பகுதி உணர்ந்தது. நவீன காலத்தில் தெற்கே பதிவான பெரிய நிலநடுக்கங்களில் அதுவும் ஒன்று. 2002இல் திருத்தப்பட்ட நிலநடுக்க வரைபடம் கோவையை மூன்றாம் மண்டலத்தில் வைத்தது. ஆனாலும் ஊரில் யாரைக் கேட்டாலும், ‘இங்கெங்கீங்க பூகம்பம்?’ என்பார்கள்.

சேதம் என்று எழுதப்படுவது சுவர்களின் சேதம். காரை பூசிய சுவரும் ஓட்டு வீடும் வைத்திருந்தவனுக்குத்தான் விரிசல் விழும், எழுதுவதற்கும் ஏதாவது இருக்கும். வளவுகளில் மண்சுவரும் கூரையும் போட்டிருந்தவர்களுக்கு எந்தக் கணக்குப்பிள்ளை வந்து விரிசல் எண்ணினான்?

இது வெறும் ஆதங்கம் இல்லை. 1993 செப்டம்பர் 30 அன்று மராட்டியத்தின் லாத்தூர், உஸ்மானாபாத் மாவட்டங்களில் பத்தாயிரம் பேர் வரை செத்தார்கள். கனத்த கல்சுவரும் அதன்மேல் குவித்த மண்கூரையும் விழுந்துதான் உயிர்கள் போயின. ஓலைக் குடிசை விழுந்தால் ஆள் எழுந்து வெளியே வரலாம். அதன்பிறகு அரசு புது ஊர்கள் கட்டியபோது வீட்டின் அளவை எதை வைத்துத் தீர்மானித்தார்கள் தெரியுமா? நிலத்தை வைத்து. நிலமில்லாதவனுக்கும் துண்டுநிலக்காரனுக்கும் 250 சதுர அடி, நடுத்தரத்துக்கு 450, பெரிய நிலக்காரனுக்கு 750. பூமி குலுக்கித் தரைமட்டமாக்கியதை அரசு பழைய ஏற்றத்தாழ்வோடு அப்படியே தூக்கி நிறுத்தியது.

கோவைக்கு வருவோம். நிலநடுக்கத்தின் நினைவு இங்கே நிலைக்காமல் போனதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பின்னாலேயே பிளேக் வந்தது. 1896இல் பம்பாயில் தொடங்கிய நோய் பெங்களூர், மைசூர் வழியாக இறங்கி, இருபதாம் நூற்றாண்டு பிறந்த சில ஆண்டுகளிலேயே கோவையைப் பிடித்தது. திரும்பத் திரும்ப வந்தது. 1901 கணக்கெடுப்பில் 53,080 பேர் இருந்த நகரம் 1911இல் சுருங்கிக் கிடந்தது. சுவரை அசைத்த பூகம்பத்தைவிட ஊரையே காலிசெய்த பிளேக்தான் சனங்களின் மனசில் தங்கியது. நகரிலும் சுற்றிலும் பிளேக் மாரியம்மன் கோயில்கள் இன்றும் இருக்கின்றன. பூகம்பத்துக்கு ஒரு கல்கூட இல்லை.

எலி விழுந்தால் வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்கு வெளியே போவது அந்தக் காலத்து வழக்கம். தோட்டமும் சாளையும் இருந்தவர்கள் அங்கே போனார்கள். கடைத்தெரு அடைத்துக் கிடக்கும். ஓட்டைப் பிரித்து வெயில் விடுவது, மருந்து தெளிப்பது, செத்த எலியைப் பொறுக்கி எரிப்பது, மலக்கூடை சுமப்பது, பிணத்தை எடுப்பது எல்லாம் முடிந்து எலி விழுவது நின்றால்தான் வியாபாரி திரும்பி வந்து பூட்டைத் திறப்பான். சாமிக்குப் பூ வைத்து, கல்லாவைத் தொட்டுக் கும்பிட்டு முதல் போணி ஆகும்.

அந்தப் பூட்டு திறப்பதற்கு முன்னால் தெருவில் நின்றது யார்? சென்னை மாகாணத்து நகரசபைகள் எங்கும் துப்புரவு வேலையைத் தலித்துகளின் தலையில்தான் வைத்தன. கொங்கில் அந்தச் சுமை மிகுதியும் தெலுங்கு பேசும் அருந்ததியர்மேல் விழுந்தது. கிராமத்தில் இதே சனம் கவலைக் கிணற்றுக்குத் தோல் பறி தைத்துக் கொடுத்தது, பண்ணையத்தில் மாதாரியாய்க் கிடந்தது. பறி இல்லாமல் தண்ணீர் ஏறாது. தண்ணீர் ஏறாமல் பருத்தி விளையாது. பருத்தி இல்லாமல் மில் ஏது? ஊரை விட்டு ஓடியவன் திரும்பி வந்த கதையைத்தான் ‘மீண்டெழுந்த நகரம்’ என்கிறோம். ஓட இடமில்லாமல் எலியோடு தங்கியவன் அந்தக் கதையில் வரமாட்டான். ஆர்.எஸ்.புரம் போன்ற அகலத் தெருக்கள் நெரிசலுக்கும் நோய்க்கும் பதிலாக எழுந்தவை என்று பெருமையாகச் சொல்வார்கள். சரிதான். அதே அக்கறை வளவுக்கு வர எத்தனை காலம் ஆனது என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும்.

திறந்த கடைத்தெருவில் நம்மாட்கள் எங்கே நின்றார்கள் என்பதற்குச் சட்டமன்றமே சாட்சி. பொதுத் தெரு, கிணறு, குளம், பொதுக்காரியம் நடக்கும் இடம் எல்லாவற்றிலும் தாழ்த்தப்பட்டவர்கள் நுழையலாம் என்று 1924இல் சென்னை மாகாண சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தவர் இரட்டைமலை சீனிவாசன். தீர்மானம் ஒருபக்கம் கிடக்கட்டும், தடுப்பவனுக்குத் தண்டனை வேண்டும் என்று அடுத்து மல்லுக்கட்டியவர் நம்ம கோயம்புத்தூர் ஆர். வீரையன். கடைவீதியில் நடக்கவே சட்டம் கேட்க வேண்டியிருந்தது என்றால், அதற்கு முந்தைய கால் நூற்றாண்டில் பூகம்பத்துக்கும் பிளேக்குக்கும் பிறகு ஒவ்வொரு முறை ‘கடை திறந்தாச்சு’ என்றபோதும் அது யாருக்குத் திறந்தது? கோவை நகர வரலாறு பேசும் மேடைகளில் வீரையன் பெயரை எத்தனை பேர் கேட்டிருக்கிறீர்கள்?

கிராமத்துக் கதை இதைவிட மோசம். சட்டம் வந்து எழுபது ஆண்டுக்குப் பிறகும் கொங்கு நாட்டு டீக்கடைகளில் இரட்டைக் குவளை இருந்தது. சலூன் நாற்காலி நமக்குக் கிடையாது.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து நாடே கடையடைத்தபோதும், ஆள் இல்லாத தெருவில் பிளீச்சிங் பவுடர் தூவிக்கொண்டு போனவர்களைப் பார்த்தோம். காலுக்குத் தண்ணீர் ஊற்றினார்கள், மாலை போட்டார்கள், படம் பிடித்தார்கள். கடைகள் திறந்தன. ஒப்பந்தக் கூலி ஒப்பந்தக் கூலியாகவே இருந்தது.

பிளேக் காலத்தில் எலி பொறுக்கியவர்களின் பேரன் பேத்திகள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். தாத்தன் சொன்னதைக் காதில் வாங்கிய கடைசித் தலைமுறை அது. மாணவத் தோழர்கள் நகரசபையின் பழைய கூலிப் பதிவேடுகளைத் தேடுவதற்கு முன்னால் இந்த வளவுகளுக்குப் போய், பாட்டிகளின் பக்கத்தில் உட்கார்ந்து, அவர்கள் பேச்சிலேயே எழுதிவாங்கி அனுப்புங்கள்.